‘10 சதவீதத்துக்குள் வந்தால் போதும்’ என்பது சரியா? எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருள் உண்மையில் சொல்வது என்ன?

புதுடெல்லி: அசைன்மென்ட் எனப்படும் ஒப்படைப்புகளைச் சமர்ப்பிக்கும் கடைசி நாள் நெருங்கும்போது, பல்கலைக்கழக வளாகங்களில் மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “உனக்கு எத்தனை சதவீதம் வந்தது?” எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருள் தரும் அறிக்கையில் காணப்படும் எண்ணையே அவர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்த எண் 10-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 11 ஆகிவிட்டால், இரவு முழுவதும் விழித்திருந்து வாக்கியங்களை முன்னும் பின்னுமாக மாற்றி எழுதும் வேலை தொடங்கிவிடுகிறது.

இந்தப் பதற்றத்துக்குப் பின்னால் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. அறிக்கையில் வரும் சதவீதமே திருட்டின் அளவு என்பது முதலாவது. 10 சதவீதம் என்ற வரம்பு எல்லா ஒப்படைப்புகளுக்கும் பல்கலைக்கழக மானியக் குழு விதித்த சட்டம் என்பது இரண்டாவது. இரண்டுமே தவறானவை. இவற்றை மாணவர்கள் மட்டுமன்றி ஆசிரியர்கள் பலரும் நம்புவதால், மேற்கோள்களை முறையாகக் காட்டி எழுதியவர் விளக்கம் கேட்டு அழைக்கப்படுவதும், ஒரு பத்தியை அப்படியே எடுத்து ஒட்டியவர் தப்பிச் செல்வதும் ஒரே வகுப்பில் நடக்கக்கூடும்.

மென்பொருள் எப்படிச் சோதிக்கிறது?

டர்னிடின், டிரில்பிட் போன்ற மென்பொருள்களின் அடிப்படைப் பணி, ஒரு கட்டுரையில் உள்ள சொற்றொடர்கள் வேறெங்கேனும் இருக்கின்றனவா என்று தேடுவது. மாணவர் பதிவேற்றும் கோப்பிலிருந்து எழுத்துகள் முதலில் பிரித்தெடுக்கப்படுகின்றன. பிறகு அந்த எழுத்து, ஒன்றன்மீது ஒன்று படியும் சிறுசிறு தொடர்களாக வெட்டப்படுகிறது. 12 சொற்கள் கொண்ட வாக்கியத்தை ஐந்தைந்து சொற்களாக எடுத்தால் 8 தொடர்கள் கிடைக்கும். ஒவ்வொரு தொடரும் கணித முறையில் ஓர் எண்ணாக மாற்றப்படுகிறது. இதைக் கட்டுரையின் கைரேகை எனலாம். ஏற்கெனவே சேமித்து வைக்கப்பட்டுள்ள கோடிக்கணக்கான கைரேகைகளுடன் இது ஒப்பிடப்பட்டு, பொருந்தும் இடங்கள் வண்ணமிட்டுக் காட்டப்படுகின்றன. பொருந்திய சொற்களின் எண்ணிக்கை மொத்தச் சொற்களில் எத்தனை பங்கு என்பதே அறிக்கையின் முகப்பில் வரும் சதவீதம்.

பொறியியல், கணினிப் பயன்பாட்டியல் மாணவர்கள் எழுதும் நிரல்களைச் சோதிக்கவும் இதே அடிப்படை பயன்படுகிறது. அமெரிக்காவின் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1994-இல் உருவாக்கப்பட்ட ‘மாஸ்’ என்னும் கருவி இத்தகையது. நண்பரின் நிரலை வாங்கி, மாறிகளின் பெயர்களை மட்டும் மாற்றிச் சமர்ப்பிப்பவர் இதனிடம் சிக்கிக்கொள்வார். நிரலின் அமைப்பையே அது பார்க்கிறது, பெயர்களைப் பொருட்படுத்துவதில்லை.

ஒப்பிடுவதற்கான சேமிப்புகள் பொதுவாக மூன்று வகைப்படும்: இணையதளங்கள், ஆய்விதழ்களும் மின்னூல்களும், முன்னர் மாணவர்கள் சமர்ப்பித்த கட்டுரைகள். இவற்றில் இல்லாதது மென்பொருளைப் பொறுத்தவரை உலகில் இல்லாதது. நூலகத்தின் பழைய அச்சு நூலிலிருந்து 2 பக்கங்களைத் தட்டச்சு செய்து சேர்த்தால், அந்நூல் மின்வடிவம் பெறாதவரை அறிக்கை பூச்சியம் காட்டும். கைப்பட எழுதப்படும் ஒப்படைப்புகளும் அப்படியே. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான படிப்புகளில் ஒப்படைப்புகளுக்கு 30 சதவீத மதிப்பு உண்டு; அவற்றைக் கையால் எழுதித் தருவதே நெடுநாள் வழக்கம். அவற்றுக்கான ‘தயார் விடைகள்’ வெளிப்படையாக விற்பனையாவதை அப்பல்கலைக்கழக மாணவர்கள் அனைவரும் அறிவர். விலைக்கு வாங்கிய விடையைக் கையால் பார்த்து எழுதினால் எந்த மென்பொருளும் குறுக்கே வராது.

ஒரே எண், வெவ்வேறு பொருள்

3,000 சொற்கள் கொண்ட இரண்டு ஒப்படைப்புகளை எடுத்துக்கொள்வோம். முதல் மாணவர் ஓர் இணையதளத்திலிருந்து 150 சொற்கள் கொண்ட பத்தியை எந்தக் குறிப்புமின்றிச் சேர்த்துக்கொள்கிறார். மற்ற அனைத்தும் அவர் சொந்தமாக எழுதியவை. அறிக்கை 5 சதவீதம் என்று காட்டுகிறது. இரண்டாமவர் சட்டம் பயில்பவர். அரசமைப்புச் சட்டப் பிரிவுகளையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் பகுதிகளையும் மேற்கோள் குறிகளுடனும் அடிக்குறிப்புகளுடனும் 750 சொற்கள் அளவுக்கு எடுத்தாள்கிறார். அவருடைய அறிக்கை 25 சதவீதம் காட்டுகிறது. டர்னிடின் அறிக்கையில் 24 சதவீதம் வரை பச்சை நிறம், 25 முதல் மஞ்சள். அதாவது, திருடியவருக்குப் பச்சை. முறைப்படி எழுதியவருக்கு மஞ்சள்.

இந்த முரண்பாட்டுக்கு மென்பொருளைக் குறை கூறுவது பொருந்தாது. தாங்கள் காட்டுவது ஒற்றுமையை மட்டுமே என்றும், அது திருட்டா என்பதை ஆசிரியரே முடிவு செய்ய வேண்டும் என்றும் டர்னிடின் நிறுவனமே கூறுகிறது. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையின் உட்பக்கங்களைத் திறக்காமல் விடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 60 மாணவர்களின் ஒப்படைப்புகளை ஒரு வாரத்தில் மதிப்பிட வேண்டிய ஆசிரியருக்கு அந்த எண் எவ்வளவு வசதியானது என்பதும் புரிந்துகொள்ளக்கூடியதே.

வேறு சில அற்பக் காரணங்களாலும் எண் உயரும். ஆசிரியர் தந்த வினாவை ஒவ்வொரு மாணவரும் விடைக்கு மேலே படியெடுத்து எழுதினால், அவை ஒன்றோடொன்று பொருந்தும். முகப்புத்தாள், உறுதிமொழி, துறையின் பெயர், நூற்பட்டியல் ஆகியவையும் பொருந்தும். இவற்றை நீக்கிக் கணக்கிடும் வசதி மென்பொருளில் உண்டு. அதை இயக்கினார்களா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரே கட்டுரைக்கு ஒரு கல்லூரியில் 9 சதவீதமும் இன்னொரு கல்லூரியில் 19 சதவீதமும் வரலாம்.

யுஜிசி விதி என்ன சொல்கிறது?

10 சதவீதம் என்ற எண், பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் அரசிதழில் வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகளிலிருந்து வந்தது. கல்விசார் நேர்மையை வளர்ப்பதற்கும் எழுத்துத் திருட்டைத் தடுப்பதற்குமான அவ்விதிகள் ஒற்றுமையை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றன. 10 சதவீதம் வரை சிறு ஒற்றுமை, தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால், 6 மாதங்களுக்கு மிகாத காலத்தில் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை இருந்தால், திருத்திய பிரதியைச் சமர்ப்பிக்க ஓராண்டுத் தடை. 60-ஐக் கடந்தால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்தாகும். பட்டம் பெற்ற பிறகு திருட்டு உறுதியானாலும் பட்டத்தை நிறுத்திவைக்க இடமுண்டு. ஆசிரியர்களின் ஆய்வு வெளியீடுகளுக்கு ஊதிய உயர்வு மறுப்பு, ஆய்வு மாணவர்களை ஏற்கத் தடை எனத் தனித் தண்டனைகள் உள்ளன.

ஆனால், பலரும் படிக்காமல் கடந்துவிடும் பகுதி விதிகளின் தொடக்கத்திலுள்ள வரையறைப் பட்டியலில் இருக்கிறது. எந்தெந்த எழுத்துகளுக்கு இவ்விதிகள் பொருந்தும் என்பதை அது வரையறுக்கிறது. முதுநிலை, ஆய்வுநிலைப் பட்டங்களுக்கான ஆய்வேடுகள், ஆய்வுக் கட்டுரைகள், நூல்கள் ஆகியவை அதில் அடங்கும். ஒப்படைப்புகள், பருவக் கட்டுரைகள், திட்ட அறிக்கைகள், பாடவேலைகள், விடைத்தாள்கள் ஆகியவை அதிலிருந்து வெளிப்படையாகவே விலக்கப்பட்டுள்ளன. ஆகவே, பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவரின் ஒப்படைப்பை “யுஜிசி விதிப்படி 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டது” என்று கூறித் திருப்பியனுப்ப அவ்விதிகள் இடந்தரவில்லை.

இதனால் ஒப்படைப்புகளில் திருடலாம் என்று பொருளாகாது. அவற்றுக்கான வரம்பையும் தண்டனையையும் வகுக்கும் பொறுப்பு அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் உரியது. 15 சதவீதம் என்றோ 20 சதவீதம் என்றோ அவை வைத்துக்கொள்ளலாம். சதவீதமே இல்லாமல் ஆசிரியரின் மதிப்பீட்டுக்கும் விடலாம். அந்த விதி எழுத்து வடிவில் இருக்கிறதா, பருவத் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் தரப்பட்டதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஆய்வு நெறிமுறைகள் குறித்து 2 மதிப்பலகுகள் கொண்ட 30 மணி நேரப் பாடத்தை யுஜிசி 2019-இல் கட்டாயமாக்கியது. மேற்கோள் காட்டுவது எப்படி என்பதை ஒருவர் முறையாகக் கற்பது அப்போதுதான் என்றால், அது காலம் கடந்த பாடம். இளநிலை மாணவர் முதல் ஒப்படைப்பை எழுதும் நாளிலேயே அது தேவைப்படுகிறது.

ஒற்றுமையைக் கணக்கிடும்போது எவற்றை விலக்க வேண்டும் என்பதையும் 2018 விதிகள் தெளிவாகக் கூறுகின்றன: உரிய அனுமதியுடனோ மூலத்தைக் குறிப்பிட்டோ எடுத்தாண்ட மேற்கோள்கள், நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுக் கலைச்சொற்கள், சட்டங்கள், நிலையான குறியீடுகள், சமன்பாடுகள். தற்செயலாகப் பொருந்தும் 14 சொற்கள் வரையிலான தொடர்களுக்கும் விலக்கு உண்டு. இதையொட்டியே பல பல்கலைக்கழகங்கள் மென்பொருளில் 14 சொற்கள் என்ற வரம்பை அமைத்துள்ளன. தற்செயல் ஒற்றுமைக்கென வைத்த இந்த விலக்கு, பதின்மூன்று சொற்களுக்கு ஒருமுறை ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்ற தந்திரத்துக்கும் வழிகாட்டியாகிவிட்டது வேறு கதை.

அரசு தரும் வசதி

குஜராத்தின் காந்திநகரில் இயங்கும் இன்ஃபிலிப்நெட் மையம், நாடெங்கும் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இத்தகைய மென்பொருளை வழங்குகிறது. ‘ஷோத்சுத்தி’ என்ற இத்திட்டம் 2019-இல் தொடங்கியது. முதலில் ஸ்வீடனைச் சேர்ந்த உர்குண்ட் பயன்படுத்தப்பட்டது. பின்னர் பெங்களூருவைச் சேர்ந்த டிரில்பிட் அவ்விடத்துக்கு வந்தது. இதே மையம் நடத்தும் ‘ஷோத்கங்கா’ களஞ்சியத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆய்வேடுகள் உள்ளன. எனவே, மாணவர் தம் பல்கலைக்கழக நூலகத்தை அணுகினாலே சோதித்துக்கொள்ள வழி கிடைக்க வாய்ப்புண்டு. பெயர் தெரியாத இணையதளங்களில் ‘இலவசச் சோதனை’ என்று கேட்கும் இடத்தில் முழுக் கட்டுரையையும் பதிவேற்றுவது, எழுதியதை முன்பின் அறியாதவரிடம் கொடுத்துவிட்டு வருவதைப் போன்றது. அது எங்கே சேமிக்கப்படும், யாருக்கு விற்கப்படும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

நூலகத்தில் சோதிக்கும்போதும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த வரைவு மென்பொருளின் சேமிப்பில் வைக்கப்படுமா? வைக்கப்பட்டால், அடுத்த மாதம் சமர்ப்பிக்கும் இறுதிப் பிரதி, முந்தைய வரைவோடு ஏறத்தாழ முழுவதும் பொருந்திவிடும். தம் எழுத்தைத் தாமே திருடியதாக அறிக்கை வந்து, ஆய்வாளரும் நெறியாளரும் திகைத்து நிற்பார்கள். சேமிக்காமல் சோதிக்கும் அமைப்பு மென்பொருளிலேயே உண்டு. நூலகரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

எண்ணைக் குறைக்கும் குறுக்குவழிகள்

சதவீதமே குறிக்கோளாகும்போது அதைக் குறைப்பதும் ஒரு தொழிலாகிறது. வாக்கியத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு சொல்லைப் போட்டுத் தரும் கருவிகள் இணையத்தில் ஏராளம். அவற்றின் விளைவை 2021-இல் பிரான்ஸையும் ரஷ்யாவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தனர். ஆய்விதழ்களில் ‘செயற்கை நுண்ணறிவு’ என்பதற்கான ஆங்கிலத் தொடர் ‘போலிப் பிரக்ஞை’ என்று பொருள்படும் தொடராகவும், ‘மார்பகப் புற்றுநோய்’ என்பது ‘நெஞ்சக ஆபத்து’ என்பது போன்ற தொடராகவும் உருமாறியிருந்தன. ‘சித்திரவதைக்குள்ளான சொற்றொடர்கள்’ என்று அவர்கள் இவற்றுக்குப் பெயரிட்டனர். சொல்லை மாற்றியவருக்கு அதன் பொருள் தெரியவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக அதே தோற்றமுள்ள ரஷ்ய எழுத்துகளை இடுவதும், வெள்ளைத் தாளில் வெள்ளை நிறத்தில் எழுத்துகளை ஒளித்து வைப்பதும் பழைய உத்திகள். இவற்றை இன்றைய மென்பொருள்கள் கண்டுபிடித்துத் தனியாகவே எச்சரிக்கை காட்டுகின்றன. அப்போது அறியாமல் செய்த பிழை என்று வாதிடவும் வழியில்லாமல் போகிறது.

மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு, படித்ததை மூடி வைத்து, சொந்த நடையில் எழுதுவதே எண்ணைக் குறைப்பதற்கு நேரான வழி. சொற்களை மாற்றினாலும் கருத்து பிறருடையதாயின் அவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். சொற்கள் அப்படியே வேண்டுமெனில் மேற்கோள் குறிக்குள் இட வேண்டும்.

இந்திய மொழிகளில் எழுதினால்?

தமிழ், இந்தி, வங்காளம் போன்ற மொழிகளில் எழுதப்படும் ஒப்படைப்புகளில் இம்மென்பொருள்களின் பிடி தளர்கிறது. ஒப்பிடுவதற்கான மின்னூல்களும் ஆய்விதழ்களும் ஆங்கிலத்தோடு ஒப்பிட இம்மொழிகளில் மிகக் குறைவு. ஷோத்கங்காவில் உள்ள பழைய ஆய்வேடுகள் பல, பக்கங்களைப் படமெடுத்துச் சேர்த்த கோப்புகள். அவற்றில் மென்பொருள் படிக்கத்தக்க எழுத்தே இல்லை. ஒருங்குறி வருவதற்கு முன் புழங்கிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவையோ, மென்பொருளின் கண்ணுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். ஆங்கிலக் கட்டுரையை அப்படியே மொழிபெயர்த்துத் தமது என்று தருவதையும் சாதாரண ஒப்பீட்டு முறை பிடிக்காது. ஆகவே, தமிழ் ஆய்வேட்டில் 2 சதவீதம் வந்தது என்பது பெருமைப்படுவதற்குப் போதுமான செய்தியாகாது. இங்கே துறை அறிந்த நெறியாளரின் வாசிப்பே இன்றும் நம்பத்தக்க சோதனை.

செயற்கை நுண்ணறிவுச் சதவீதம் வேறு

2023 ஏப்ரலில் டர்னிடின் தன் அறிக்கையில் மற்றோர் எண்ணையும் சேர்த்தது. கட்டுரையில் எத்தனை பங்கு செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டிருக்கக்கூடும் என்ற கணிப்பு அது. இதையும் ஒற்றுமைச் சதவீதத்தையும் ஒன்றாகக் கருதுவது பெரும் பிழை. ஒற்றுமை அறிக்கையில், எந்த வரி எந்தப் பக்கத்தோடு பொருந்துகிறது என்பதைத் திறந்து பார்க்கலாம். தவறு என்றால் மறுக்கலாம். செயற்கை நுண்ணறிவுக் கணிப்பில் ஒப்பிட்டுக் காட்ட மூலம் எதுவும் இல்லை. நடையின் போக்கைக் கொண்டு செய்யும் ஊகம் மட்டுமே அது.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே இத்தகைய கருவி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் குறைவு என்று கூறி 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை 7 கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தனர். மனிதர் எழுதிய அக்கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை அக்கருவிகள் இயந்திரம் எழுதியவை என்று கூறின. எளிய சொற்களும் சீரான வாக்கியங்களுமே அதற்குக் காரணம். பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில் கவனமாக எழுதும் இந்திய மாணவரின் நடையும் அத்தகையதே.

இந்தியாவில் இது நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. ஹரியானாவின் சோனிபட்டில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் முதுநிலை சட்டம் பயின்ற மாணவரின் விடைகளில் 88 சதவீதம் செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டது எனக் கூறி, 2024-இல் அவர் தேர்ச்சி பெறவில்லை என அறிவிக்கப்பட்டார். அவர் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்தை அணுகினார். மாணவர் தேர்ச்சி பெற்றதாகப் பல்கலைக்கழகம் பின்னர் தெரிவித்ததை அடுத்து வழக்கு முடிவுக்கு வந்தது. மென்பொருளின் எண்ணை மட்டும் சான்றாகக் கொள்ளலாமா என்ற கேள்விக்கு அதில் விடை கிடைக்கவில்லை.

குற்றச்சாட்டு எழுந்தால்

ஆய்வேடுகளைப் பொறுத்தவரை 2018 விதிகள் தெளிவான நடைமுறையை வகுத்துள்ளன. புகார் முதலில் துறை அளவிலான கல்விசார் நேர்மைக் குழுவுக்குச் செல்ல வேண்டும். மூவர் கொண்ட இக்குழுவில் ஒருவர் வேறு துறையைச் சேர்ந்தவர். மற்றொருவர் இம்மென்பொருள்களை நன்கறிந்தவர். அது 45 நாள்களுக்குள் நிறுவன அளவிலான குழுவுக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். நிறுவனக் குழு மேலும் 45 நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். தவறு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டு, மேல்முறையீட்டு வழிகள் முடிந்து, தம் தரப்பை எடுத்துரைக்கப் போதிய வாய்ப்பு அளிக்கப்பட்ட பிறகே தண்டனை விதிக்கலாம் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன.

ஒப்படைப்புகளுக்கு இந்த ஏற்பாடு நேரடியாகப் பொருந்தாது என்பதால், மாணவரின் பாதுகாப்பு அவர் கையிலிருக்கும் ஆவணங்களைப் பொறுத்தது. வரைவுகளைத் தேதி வாரியாகத் தனித்தனிக் கோப்புகளாக வைத்திருக்கலாம். கூகுள் டாக்ஸில் எழுதினால் எந்த நாளில் எந்த வரி சேர்ந்தது என்ற வரலாறு தானாகவே பதிவாகும். நூலகத்தில் எடுத்த குறிப்புகளையும் மதிப்பெண் வெளியாகும்வரை தூக்கியெறிய வேண்டாம். துறையிலிருந்து அழைப்பு வந்தால், சதவீதம் அச்சிட்ட முதல் பக்கத்தோடு நிறைவடையாமல், பொருந்திய வரிகளும் அவற்றின் மூலங்களும் காட்டப்பட்ட முழு அறிக்கையையும், நூற்பட்டியலும் மேற்கோள்களும் விலக்கப்பட்டனவா என்ற விவரத்தையும் எழுத்து வடிவில் கேட்டுப் பெற வேண்டும்.